கைநாட்டு

பிரேமன் நகரம். தூசி புகாத கூடம்.
தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்திக்கொண்டு
கண்களால் மட்டும் பேசிக்கொள்கிறோம்.
நடுவில் அது நிற்கிறது.
போகும்போது புது வெள்ளி,
இப்போது டீ குடித்துக் கழுவாமல் வைத்த கோப்பை.

ஆறு பேர் விண்கலத்தில் கொண்டுபோய்
நீண்ட இயந்திரக் கையால் வெளியே வைத்தார்கள்.
ஐந்து மாதம் கழித்து வேறு ஐந்து பேர் போய்
அதே மாதிரி ஒரு கையால் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.
பெட்டியைத் திறந்து, துடைத்து, கருவிகளை மாற்றி
மறுபடி அனுப்ப வேண்டும்.

"கைவிடப்பட்ட நேரம்" என்று
முதல் தடவை பதிவேட்டில் எழுதியிருந்தேன்.
ஐலர்ட் ஓன்கென் சிவப்பு மையால் அடித்தார்:
எடுக்கப் போகிறவன் கைவிடுவானா, கேஷா?
விடுவித்த நேரம் என்று எழுது.

அப்படிப்பட்ட ஆள்.
கையுறையில் ஊசிமுனை ஓட்டை இருந்தால்
வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

பள்ளங்களை எண்ணுவது என் வேலை.
அறுநூற்று நாற்பத்தொன்று.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு புகைப்படம்.
இருநூற்றுப் பன்னிரண்டாவதின் விளிம்பில்
உப்புக்கல் அளவு வெள்ளை வண்ணம்,
எவருடைய ராக்கெட்டிலிருந்தோ உரிந்தது.

பதினான்காம் தகட்டில் எண்ணுவதை நிறுத்தினேன்.
பள்ளமில்லை.
ஒரு கட்டைவிரல்.

போகும்போது யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது,
தோலின் எண்ணெய் அவ்வளவு மெல்லிது.
இரண்டாயிரத்து முந்நூறு சூரியோதயங்கள்
அதை மெல்லப் பொரித்து
பழுப்பாக்கி, சுழி சுழியாக
எழுத்தாக்கியிருக்கின்றன.
படிக்காதவன் பத்திரத்தில் வைத்ததுபோல்
விண்வெளியில் ஒரு கைநாட்டு.

கூட்டம் போட்டார் ஓன்கென்.
உணவகத்து மேசையில் மைப்பட்டை.
பத்தொன்பது பேரும் வரிசையில்.
"எங்கே நாடு கடத்தப் போகிறார்கள்?" என்றான் ஃபோக்கோ,
நீலக் கட்டைவிரலைப் பன்றிக்கறி ரொட்டியில் துடைத்தபடி.
ஒருவருடையதும் பொருந்தவில்லை.
பெருக்க வரும் திருமதி யில்மாஸின் விரலைக் கேட்டபோது
அவள் சிரித்துவிட்டாள்:
நான் அந்தக் கதவைத் தாண்டியதே இல்லையே.

இரவில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
சுழியின் குறுக்கே வெட்டுத் தழும்பு,
வயலை அறுத்துப் போன சாலை மாதிரி.

திங்கட்கிழமை என் விடுப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்.
வலதுகையில் பேனா.
காகிதம் நழுவாமல் அழுத்திப் பிடித்தது
இடதுகைக் கட்டைவிரல்.
சாலை ஓடியது.

பத்தொன்பது என்றது அவரைச் சேர்க்காமல்.

நான் பார்ப்பதைப் பார்த்தார்.
ஜன்னலில் மழை. யாரோ தாழ்வாரத்தில்
தள்ளுவண்டியை இடித்துத் திட்டினார்கள்.
"பெட்டியை மூடும் முந்தைய இரவு" என்றார்,
"எல்லோரும் போய்விட்டிருந்தீர்கள்."
பிறகு வெகுநேரம் கழித்து,
"கையுறை இடைஞ்சலாக இருந்தது."

நான் விடுப்புக் கடிதத்தை வாங்கிக்கொண்டேன்.

அறிக்கையில் எழுதினேன்:
தகடு பதினான்கு. மாசு ஒன்று.
மூலம் தெரியவில்லை. அளவு ஏற்கத்தக்கது.
மீண்டும் பயன்படுத்தலாம்.
துடைக்கக் கரைப்பான் இருந்தது.
துடைக்கவில்லை.
கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்துப் போட்டார்,
இந்தமுறை பேனாவால்.

வசந்தத்தில் அது இரண்டாம் தடவை கிளம்பியது.
அதிகாலை மூன்று மணி. உணவகத்துத் தொலைக்காட்சியில்
நீலக் கடலுக்கு மேலே இயந்திரக் கை
கூச்சத்தோடு நீண்டு
மெதுவாகத் திறந்தது.
விண்வெளியிலிருந்து பெண்குரல்: "விட்டாச்சு."
ஃபோக்கோ மேசையைத் தட்டினான்.
எல்லோரும் எல்லோருக்கும் கைகொடுத்தோம்.

நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன், சரியான சொல்லோடு.
ஓன்கென் நின்றுகொண்டே இருந்தார்
திரையில் அது புள்ளியாகும்வரை,
இரண்டு கைகளையும் கோட்டுப்பைக்குள் விட்டபடி.